கைமுதல்: வடக்கு உகாண்டாவில் ஒரு குலுக்கலும் ஒன்பது ஆண்டுகளும்

தையல் பயிற்சி முடித்துவிட்டுச் சான்றிதழோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்களை எங்கள் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் வகுப்புக்குப் போயிருப்பார்கள். ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை எல்லாம் வெட்டவும் தைக்கவும் தெரியும். வீட்டில் இயந்திரம் மட்டும் இருக்காது. மூன்றாவது மாதத்தில் கை மறக்கத் தொடங்கும். ஐந்தாவது மாதத்தில் பனியன் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அப்படிப் போன ஒரு பெண் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “கை இருக்கிறது அண்ணா, கைமுதல்தான் இல்லை.”

ஏழை இளைஞர்களுக்கு வேலையும் தொழிலும் அமைத்துக் கொடுப்பது பற்றி உலகம் முழுக்க எத்தனையோ திட்டங்கள் நடந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கையை மட்டும் பார்த்தவை: பயிற்சி கொடு, சான்றிதழ் கொடு, ஊக்க உரை ஆற்று. கைமுதலை நேராகப் பார்த்த திட்டங்கள் குறைவு. அதைச் செய்துவிட்டு, பிறகு ஒன்பது ஆண்டுகள் கழித்தும் திரும்பிப் போய் என்ன ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தவை மிகமிகக் குறைவு. வடக்கு உகாண்டாவின் ‘இளைஞர் வாய்ப்புத் திட்டம்’ அப்படிப்பட்ட ஒன்று. அதன் வெற்றியை மட்டும் எடுத்துச் சொல்லிக் கைதட்டியவர்களும் உண்டு, முடிவை மட்டும் எடுத்துச் சொல்லி உதட்டைப் பிதுக்கியவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் அது நமக்கு எதையாவது கற்றுக்கொடுக்கும்.

மாடுகள் போன ஊர்

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவும் விக்டோரியா ஏரிக் கரையும் தெற்கே இருக்கின்றன. வடக்கு வேறு உலகம். 1986இல் யொவேரி முசெவேனி ஆட்சியைப் பிடித்த பிறகு, வடக்கே கிளர்ச்சி மேல் கிளர்ச்சியாக எழுந்தது. அவற்றில் நீண்டதும் கொடியதும் ஜோசப் கோனியின் ‘இறைவனின் எதிர்ப்புப் படை’. அது தன் சொந்த மக்களான அச்சோலிகளின் ஊர்களுக்குள்ளேயே புகுந்து சிறுவர்களையும் சிறுமிகளையும் தூக்கிக்கொண்டு போய்ப் படையில் சேர்த்தது. பொழுது சாய்ந்ததும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கையில் ஒரு போர்வையோடு குலு நகரத்துக்கு நடந்து வந்து, கடை வராந்தாக்களிலும் மருத்துவமனை வளாகங்களிலும் படுத்துவிட்டு, விடிந்ததும் ஊர் திரும்பிய காலம் அது. போரின் உச்சத்தில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். 2006இல்தான் போர்நிறுத்தம் வந்தது. அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் மக்கள் மெல்ல மெல்ல ஊர் திரும்பினார்கள்.

அந்த ஊர்களில் என்ன இருந்தது என்பதைவிட என்ன இல்லை என்பதுதான் முக்கியம். அச்சோலி, லாங்கோ, தேசோ மக்களுக்கு மாடுதான் வங்கி. ஏரில் பூட்டுவதும் அதுவே, பெண்ணெடுக்கக் கொடுப்பதும் அதுவே, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு விற்பதும் அதுவே. 1980களின் பிற்பகுதியில் நடந்த மாட்டுக் கொள்ளைகளில் அந்த மந்தைகள் ஏறக்குறைய முழுவதுமாகப் போய்விட்டன. ஆகவே 2006இல் இருபத்தைந்து வயதான ஓர் இளைஞனுக்கு அப்பாவிடமிருந்து வந்து சேரவேண்டிய கைமுதல் அவன் பத்து வயதை எட்டுவதற்குள்ளேயே தொலைந்திருந்தது. மண் இருந்தது. எள்ளும் கேழ்வரகும் துவரையும் நிலக்கடலையும் நன்றாக விளையும் மண் அது. ஆனால் மண்வெட்டியால் கொத்தி எவ்வளவு நிலத்தைத்தான் பயிராக்க முடியும்?

போர் எல்லா மாவட்டங்களையும் ஒரே அளவில் தொடவில்லை. மேற்கு நைல் பகுதியின் கதை வேறு, கரமோஜாவின் கதை வேறு. வடக்கு முழுவதும் தெற்கைவிடப் பின்தங்கிக் கிடந்தது என்பது மட்டும் பொது. அதைச் சரிசெய்ய உலக வங்கிக் கடனுதவியோடு 2003இல் ‘வடக்கு உகாண்டா சமூகச் செயல் நிதி’ தொடங்கப்பட்டது. முதலில் கிணறு, பள்ளிக் கட்டடம், கால்நடை என்று போன பணத்தில் ஒரு பகுதியை 2006இல் இளைஞர்களின் பக்கம் திருப்பினார்கள். அதுதான் இளைஞர் வாய்ப்புத் திட்டம்.

விண்ணப்பம், குலுக்கல், வங்கிக் கணக்கு

ஏற்பாடு எளிமையானது. 16 முதல் 35 வயது வரை உள்ளவர்கள் தாங்களே குழுவாகச் சேரவேண்டும். சராசரியாக ஒரு குழுவில் 22 பேர் இருந்தார்கள். என்ன தொழில் கற்கப்போகிறோம், யாரிடம் கற்கப்போகிறோம், என்னென்ன கருவி வாங்கப்போகிறோம் என்று ஒரு திட்டம் எழுதித் தரவேண்டும். எழுதத் தடுமாறினால் உதவுவதற்கு ஓர் உள்ளூர் வழிகாட்டி உண்டு. விண்ணப்பம் ஊரிலிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து தலைநகருக்கும் போகும். ஒப்புதல் கிடைத்தால் மொத்தப் பணமும் ஒரே தவணையில் குழு நிர்வாகிகளின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் விழும். அதோடு அரசு ஒதுங்கிக்கொள்ளும். ரசீது கேட்டு வருவதற்கோ மாதாமாதம் மேற்பார்வை பார்ப்பதற்கோ யாரும் இல்லை. திருப்பிக் கட்டவேண்டிய கடனும் அல்ல அது.

இதைப் படிக்கும்போது நம்மூரில் திட்டம் நடத்திப் பழகிய எவருக்கும் வயிறு கலங்கும். எனக்கும் கலங்கியது. இருபத்திரண்டு இளைஞர்கள், போரிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தவர்கள், கையில் கத்தையாகப் பணம், கேட்பாரில்லை.

எத்தனை பணம்? ஒரு குழுவுக்குச் சராசரியாக 7,500 டாலர் அளவில். குழுக்களின் அளவு வேறுபட்டதால் தலைக்குச் சராசரி 382 டாலர். 2008இன் மதிப்பில் நம் பணத்துக்கு ஏறத்தாழ 16,000 ரூபாய். நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஓராண்டு வருமானத்துக்கு ஈடு.

விண்ணப்பங்கள் பணத்தின் அளவைத் தாண்டி வந்து குவிந்தன. கடைசிச் சுற்றில் தகுதி பெற்று நின்ற குழுக்கள் 535. எல்லோருக்கும் கொடுக்கப் பணம் இல்லை. அந்த இடத்தில்தான் ஒரு நல்ல காரியம் நடந்தது: சிபாரிசுக்கு விடாமல் குலுக்கல் போட்டார்கள். 265 குழுக்களுக்குப் பணம் என்று வந்தது, 270 குழுக்களுக்கு இல்லை என்று வந்தது. கிறிஸ்டோபர் பிளாட்மன், நேதன் ஃபியாலா, செபாஸ்டியன் மார்டினெஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஐந்து பேரைத் தேர்ந்துகொண்டு, மொத்தம் 2,600க்கும் மேற்பட்டவர்களைப் பணம் வருவதற்கு முன்பே சந்தித்துக் கணக்கெடுத்தார்கள். குலுக்கலின் அருமை இதில்தான் இருக்கிறது. பணம் பெற்றவர்களும் பெறாதவர்களும் ஒரே மாதிரி ஆர்வத்தோடு விண்ணப்பித்தவர்கள். சுறுசுறுப்பானவனுக்குப் பணம் போனது, அதனால் முன்னேறினான் என்று பிறகு யாரும் சொல்லமுடியாது. பின்னால் தெரியும் வித்தியாசம் பணத்தின் வித்தியாசம்.

2008இன் நடுப்பகுதியில் பணம் போய்ச் சேர்ந்தது. எல்லாக் குழுக்களுக்கும் அல்ல. குலுக்கலில் வென்ற குழுக்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குப் பணம் வந்துசேரவே இல்லை. சிலவற்றுக்கு நிர்வாகக் குளறுபடி, சிலவற்றுக்கு வழியில் கைமாறியது. பத்தில் ஒன்பது போய்ச் சேர்ந்ததே என்பதுதான் எனக்கு வியப்பு.

என்ன வாங்கினார்கள்

பணத்தில் பாதிக்கு மேல் கருவிகளுக்குப் போனது. பயிற்சிக் கட்டணத்துக்குப் போனது பத்தில் ஒரு பங்குதான். மீதி மூலப்பொருள், கொஞ்சம் ரொக்கமாகப் பங்கு. இந்த விகிதத்தைப் பயிற்சித் திட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிக்கொள்ளவேண்டும். இளைஞர்கள் கையில் முடிவை விட்டபோது அவர்கள் பயிற்சியை ஒதுக்கவில்லை, ஆனால் அதற்கு எவ்வளவு செலவழிப்பது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் திட்டங்களில் இந்த விகிதம் பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். பயிற்சி நிறுவனத்துக்குப் பெரும்பங்கு போகும், பயிற்சி பெற்றவருக்கு ஒரு பையும் தொப்பியும் மிஞ்சும்.

பயிற்சிக்குப் போனவர்களில் 38 சதவீதம் பேர் தையலைத் தேர்ந்தெடுத்தார்கள். 23 சதவீதம் தச்சு. 13 சதவீதம் உலோக வேலை: கதவு, ஜன்னல் கம்பி, வெல்டிங். 8 சதவீதம் சிகை அலங்காரம். எல்லாமே ஊருக்குள் கேட்பார் உள்ள தொழில்கள். முகாமிலிருந்து திரும்பி வந்து வீடு கட்டுகிறவனுக்குக் கதவும் கூரைச் சட்டமும் வேண்டும், பள்ளி திறந்தால் சீருடை வேண்டும். கற்றுக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் பக்கத்து ஊர் அல்லது சிறுநகரத்துக் கைவினைஞர்களும் சிறு பயிற்சிக்கூடங்களும்தான்.

ஒரு தையல்காரரின் கணக்கைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். வடக்கு உகாண்டாவின் எந்தச் சந்தைக்கூடலுக்குப் போனாலும் கடை வராந்தாவில் ஒரு கால்மிதி இயந்திரம் இருக்கும். கறுப்புத் தலை, இரும்புக் கால், மரப்பலகை. நம் அப்பாக்கள் காலத்து இயந்திரம்தான். மின்சாரம் தேவையில்லை. மழை வந்தால் உள்ளே தள்ளிவிடலாம். அதைச் சொந்தமாக வைத்திராதவர் வாடகைக்கு எடுத்து மிதிக்கவேண்டும் அல்லது இன்னொருவரின் இயந்திரத்தில் உட்கார்ந்து பாதிக் கூலியை விட்டுக்கொடுக்கவேண்டும். பிப்ரவரியில் பள்ளி ஆண்டு தொடங்கும்போது சீருடைக்குக் கூட்டம் மொய்க்கும். அந்த மூன்று வாரத்தில் துணியை மொத்தமாக முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பவருக்கு லாபம். ஒவ்வொரு சட்டைக்கும் முன்பணம் வாங்கி ஓடிப்போய்த் துணி எடுத்து வருகிறவருக்கு வெறும் கூலி. ஆக, அவருக்கு வேண்டியது இயந்திரம் ஒன்று, அதோடு சீசனுக்கு முந்தைய மாதத்தில் கையில் கொஞ்சம் ரொக்கம். இரண்டும் ஒரே சமயத்தில் வேண்டும். கால் இயந்திரம், அரை இயந்திரம் என்று வாங்கமுடியாதே!

சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். நாளுக்கு ஒரு டாலரில் வாழ்கிறவர் சேர்த்து முடிப்பதற்குள் ஒரு மலேரியா வரும், ஒரு சாவு விழும். கடன் வாங்கியிருக்கலாமே என்றால், ஊர்ச் சேமிப்புக் குழுவில் கிடைக்கும் கடன் சிறியது, சில மாதங்களில் திருப்பிக் கட்டவேண்டியது. மாதத்துக்குப் பத்து சதவீதம் என்பது அங்கே வழக்கமான வட்டி. அந்த வட்டிக்கு எள் மூட்டை வாங்கி விற்கலாம், இயந்திரம் வாங்கமுடியாது.

நான்காம் ஆண்டு

2010இல் ஒரு முறையும் 2012இல் ஒரு முறையும் ஆய்வாளர்கள் திரும்பிப் போனார்கள். ஊர் மாறியவர்களையும் தேடிப்பிடித்தார்கள். இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. தேடாமல் விட்டால் கிடைப்பவர்கள் எல்லாம் ஊரிலேயே தங்கி ஓரளவு நிலைத்துவிட்டவர்களாகத்தான் இருப்பார்கள், கணக்கு பொய் சொல்லும்.

நான்கு ஆண்டு முடிவில், குலுக்கலில் தோற்றவர்களோடு ஒப்பிட்டால் வென்றவர்களின் தொழில் சொத்து 57 சதவீதம் கூடுதல், உழைக்கும் நேரம் 17 சதவீதம் கூடுதல், சம்பாத்தியம் 38 சதவீதம் கூடுதல். கணக்குப் புத்தகம் வைத்துக்கொண்டவர்கள், தொழிலைப் பதிவு செய்துகொண்டவர்கள், வரி கட்டியவர்கள் அவர்களில் அதிகம். சிலர் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளும் நிலைக்கும் வந்திருந்தார்கள்.

உழைக்கும் நேரம் கூடியது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஏழைக்குச் சும்மா பணம் கொடுத்தால் சோம்பேறியாவான் என்பது டீக்கடை பெஞ்சிலிருந்து அமைச்சரவை வரை எல்லோருக்கும் மனப்பாடம். இங்கே மேற்பார்வை இல்லாமல், நிபந்தனை இல்லாமல் பணம் பெற்றவர்கள் முன்பைவிட அதிகம் உழைத்தார்கள். காரணம் எளிது. திட்டம் தொடங்கும்போது அவர்கள் வாரத்துக்குச் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதற்கு மேல் செய்ய வேலை இல்லை. இயந்திரம் வந்ததும் வேலை வந்தது. பெரும்பாலானோர் விவசாயத்தையும் விடவில்லை. மழைக்காலத்தில் வயல், மற்ற நேரத்தில் தொழில் என்று இரண்டையும் சேர்த்து ஓட்டினார்கள்.

பெண்களின் கணக்கைத் தனியாகச் சொல்லவேண்டும். குழுக்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தார்கள். இது திட்டத்தின் குறை. ஆனால் நான்காம் ஆண்டில் ஒரு விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. குலுக்கலில் தோற்ற ஆண்கள் எப்படியோ முட்டி மோதிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துகொண்டிருந்தார்கள். தோற்ற பெண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஓர் ஆணுக்குக் கூலி வேலை உண்டு, வாடகைக்கு எடுத்த மோட்டார் சைக்கிளில் ‘போடா போடா’ டாக்சி ஓட்டலாம், நகரத்துக்குப் போய் நண்பனோடு தங்கலாம். கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு அந்த வாசல்கள் இல்லை. ஆகவே கைமுதல் அவளுக்குத்தான் அதிக வித்தியாசத்தைச் செய்தது. அப்படியிருந்தும் மூன்றில் ஒரு இடம்தான் அவளுக்குக் கிடைத்தது.

பணம் ஏன் கரையவில்லை

கேட்பார் இல்லாத பணம் ஏன் கள்ளுக்கும் கல்யாணத்துக்கும் போய்விடவில்லை? ஆய்வு இதற்கு ஒரே விடையைச் சொல்லவில்லை. என் வாசிப்பைச் சொல்கிறேன்.

முதலாவது, யாரும் இவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. இவர்களே தங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். இருபது பேரைச் சேர்த்து, திட்டம் எழுதி, மாதக்கணக்கில் காத்திருக்கப் பொறுமை உள்ளவர்தான் அந்த வரிசையில் கடைசிவரை நிற்பார். ஊரில் ஆகக் கடைசியில் இருக்கும் ஏழை அந்த வரிசையில் இல்லை. விண்ணப்பித்தவர்களின் சராசரிப் படிப்பு எட்டாம் வகுப்பு அளவில் இருந்தது. எழுத்தே தெரியாதவர்கள் பெரும்பாலும் வெளியே நின்றார்கள். இந்தத் திட்டத்தின் வெற்றியை யாராவது மேடையில் சொன்னால் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இரண்டாவது, எழுதிக் கொடுத்த திட்டம். அரசு அதைச் சரிபார்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் இருபத்திரண்டு பேர் கூடிப் பேசி, “நீ தச்சு, நான் தையல், இன்ன கருவி இன்ன கடையில்” என்று ஊரறிய முடிவு செய்துவிட்ட பிறகு அந்தப் பேச்சுக்கு ஒரு கட்டு உண்டு. பணத்தைக் கருவியாகவும் பயிற்சிக் கட்டணமாகவும் குழுவே மொத்தமாக மாற்றிவிட்டதால், வீட்டுக்குள் வந்தது பணமாக வரவில்லை, பொருளாக வந்தது. உறவுக்காரர் வந்து கேட்டால் இயந்திரத்தை எடுத்துக் கொடுக்கமுடியுமா? குழுவாகச் சேர்ந்தாலும் தொழிலைப் பெரும்பாலானோர் தனித்தனியாகவே நடத்தினார்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். கூட்டு, வாங்கும் வரைக்கும். உழைப்பும் லாபமும் அவரவருக்கு.

மேற்பார்வை வேண்டாமா என்ற கேள்விக்கு அதே மண்ணில் நடந்த இன்னொரு முயற்சி விடை சொல்கிறது. 2009 முதல் குலு, கிட்கும் மாவட்டங்களின் 120 கிராமங்களில் 1,800 பேருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, ஒரு தொண்டு நிறுவனம் 150 டாலர் ரொக்கமும் ஐந்து நாள் பயிற்சியும் கொடுத்தது. பிறகு வீடு தேடிப் போய் ஆலோசனையும் சொன்னது. இவர்கள் இளைஞர் திட்டத்தில் சேர்ந்தவர்களைவிட மிகவும் ஏழைகள். பதினாறு மாதத்தில் அவர்கள் வருமானம் ஏறத்தாழ இரட்டிப்பானது. ஆனால் வீடு தேடிப் போன ஆலோசனைக்கு ஆன செலவு கொடுத்த ரொக்கத்தையே விழுங்கும் அளவில் இருந்தது. அதனால் கிடைத்த கூடுதல் பலனோ சொற்பம். ஜீப்புக்கும் டீசலுக்கும் மேற்பார்வையாளர் சம்பளத்துக்கும் போன பணத்தில் இன்னும் எத்தனை பெண்களுக்குக் கைமுதல் கொடுத்திருக்கலாம் என்று எண்ணாமல் இருக்கமுடியவில்லை.

கலவரமும் வாக்கும்

இந்தத் திட்டத்துக்குப் பின்னால் இன்னொரு எதிர்பார்ப்பு இருந்தது. வேலையில்லாத இளைஞன் ஆபத்தானவன். வேலை கொடுத்தால் துப்பாக்கி தூக்கமாட்டான், வீதிக்கு வரமாட்டான். போருக்குப் பிந்தைய நாடுகளில் நன்கொடையாளர்களும் அரசுகளும் ஒரே குரலில் சொல்லும் காரணம் அது. ஆய்வாளர்கள் அதையும் அளந்து பார்த்தார்கள். சண்டை சச்சரவு, சமூக ஒட்டுறவு, போராட்டங்களில் பங்கேற்பு ஆகிய எதிலும் வித்தியாசம் தென்படவில்லை. வருமானம் உயர்ந்தவர்கள் முன்பைவிடச் சாதுவாகவும் ஆகவில்லை, முரடாகவும் ஆகவில்லை.

எனக்கு இது நல்ல செய்தி. தொடக்கத்திலேயே அந்த இளைஞர்களில் பெரும்பாலோர் ஆபத்தானவர்களாக இல்லை. பயத்தின் பேரில் ஒருவருக்கு உதவி செய்வது அவரை அவமதிப்பது. அவர் ஏழை, அவருக்குத் திறமை இருக்கிறது, ஒரு கருவி வேண்டும் என்பதே போதுமான காரணம்.

2011 தேர்தலை ஒட்டிய கணக்கு இதைவிட வியப்பானது. ஆளுங்கட்சியின் ஆட்சியில், அரசுத் திட்டத்தில் பணம் பெற்றவர்கள் ஆளுங்கட்சிக்கு நன்றியோடு வாக்களித்திருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. பணம் பெற்றவர்கள் எதிர்க்கட்சிகளை ஆதரிப்பதும் அவற்றுக்காக வேலை செய்வதும் கூடியிருந்தது. சொந்தக் காலில் நிற்கிறவருக்கு உள்ளூர்ப் பிரமுகரின் தயவு தேவைப்படாது என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அந்த 382 டாலர் ஓர் இளைஞனுக்கு வருமானத்தோடு சேர்த்து வேறு எதைக் கொடுத்தது என்பதைக் காட்டும் இடம் இது.

ஒன்பதாம் ஆண்டு

2017இல் மறுபடி போனார்கள். எனக்கு இந்த இடத்தைப் படித்தபோது மனம் சுருங்கியது. வென்றவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் இடையே வேலை, சம்பாத்தியம், வீட்டுச் செலவு மூன்றிலும் இருந்த இடைவெளி மறைந்திருந்தது. வென்றவர்கள் கீழே விழுந்துவிடவில்லை. அவர்கள் ஓர் அளவுக்கு வளர்ந்து அங்கே நின்றுவிட்டார்கள். மேற்கொண்டு முதல் போடவில்லை. தோற்றவர்கள் சிறு வியாபாரம், கூலி என்று ஏதேதோ செய்து ஒன்பது ஆண்டுகளில் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

இதை வைத்துக்கொண்டு ‘பார்த்தீர்களா, பணம் கொடுப்பதெல்லாம் வீண்’ என்று எழுதியவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர்கள் சுட்டும் உண்மையை மறைப்பதற்கும் எனக்கு மனம் இல்லை. ஒரு வராந்தாத் தையல்காரர் நான்கு ஆண்டில் நல்ல வருமானத்துக்கு வந்துவிடுவார். அதற்கு மேல் வளர இரண்டாவது இயந்திரம், ஓவர்லாக், மின்சாரம், பக்கத்துச் சந்தைக்கூடலிலும் வாடிக்கை வேண்டும். அந்த ஊரில் சீருடை தைக்கவேண்டிய பிள்ளைகளின் எண்ணிக்கை அவ்வளவுதான். கம்பாலா வழியாக வந்து இறங்கும் பழைய துணி மூட்டைகள் ஒரு சட்டையின் விலைக்கு மேல்வரம்பு போட்டுவிடுகின்றன. முதல் தடை பணம். அதைத் தாண்டியதும் அடுத்த தடை சந்தை. முதல் தடைக்கு 382 டாலர் போதும். இரண்டாவது தடைக்குச் சாலையும் மின்கம்பியும் வேண்டும், வாங்குகிற சக்தியுள்ள ஊர் வேண்டும், இரண்டாவது முறை முதல் போடக் கட்டுப்படியாகும் வட்டியில் கடன் வேண்டும். அவற்றை இருபத்திரண்டு இளைஞர்கள் கூடித் திட்டம் எழுதிப் பெற்றுவிடமுடியாது.

அப்படியானால் தொழிற்சாலை வேலைதான் வழியா? எத்தியோப்பியாவில் பிளாட்மனும் ஸ்டெஃபான் டெர்கோனும் அதையும் குலுக்கல் முறையில் பார்த்தார்கள். ஐந்து நிறுவனங்களில் வேலைக்கு வந்த ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான இளைஞர்களில் சிலருக்கு அந்த வேலை, சிலருக்கு ஐந்து நாள் பயிற்சியோடு சுமார் 300 டாலர், சிலருக்கு எதுவும் இல்லை. வேலை கிடைத்தவர்களில் மூன்றில் ஒருவர் முதல் மாதத்திலேயே விட்டுவிட்டார்கள். ஓராண்டில் நான்கில் மூன்று பேர் போய்விட்டார்கள். சம்பளம் வெளியே கிடைப்பதைவிடக் கூடுதலாக இல்லை, உடல்நலம் கெட்டது. பணம் பெற்றவர்களின் சம்பாத்தியம் ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. ஐந்தாம் ஆண்டில் அங்கும் மூன்று கூட்டமும் ஒரே இடத்தில் வந்து நின்றது. பனியன் கம்பெனி வேனைப் பார்த்த எனக்கு அந்த முதல் மாத எண்ணிக்கை புதிதாகத் தெரியவில்லை.

உகாண்டா அரசு இதற்குப் பிறகு இளைஞர்களுக்கும் ஏழைகளுக்கும் அடுத்தடுத்துத் திட்டங்கள் போட்டிருக்கிறது. அவை பெரும்பாலும் மானியத்திலிருந்து கடனுக்கு மாறிவிட்டன. 2022இல் தொடங்கிய ‘பாரிஷ் வளர்ச்சி மாதிரி’ ஒவ்வொரு பாரிஷுக்கும் (சில ஊர்கள் சேர்ந்த நிர்வாகப் பகுதி அது) ஆண்டுக்குப் பத்துக் கோடி ஷில்லிங் ஒதுக்கி, ஒருவருக்குப் பத்து லட்சம் ஷில்லிங் வரை ஆண்டுக்கு 6 சதவீத வட்டியில் தருகிறது. வட்டி குறைவு என்பது பெரிய விஷயம். ஆனால் முதன்முதலில் தொழிலில் இறங்கும் இருபது வயதுக்காரருக்கு மானியமும், ஏற்கெனவே நான்கு ஆண்டு தைத்துவிட்டு இரண்டாவது இயந்திரத்துக்குக் காத்திருப்பவருக்குக் கடனும் என்று பிரித்துக் கொடுத்திருந்தால், ஒன்பதாம் ஆண்டுக் கணக்கு சொன்ன குறை நேராகத் தீர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஒன்பதாம் ஆண்டில் எல்லாம் மறைந்துவிடவும் இல்லை. வென்றவர்கள் வீட்டில் சொத்து கூடுதலாக இருந்தது. கைத்தொழிலில் நிலைத்தவர்கள் அவர்களில் அதிகம். அவர்களுடைய குழந்தைகளின் உடல்நலமும் சற்று மேலாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கையோடு சொல்கிறார்கள். உறுதியாகச் சொல்ல அந்தக் கணக்கு போதவில்லை.

இடைவெளி அடைபட்டது என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அடைபடுவதற்கு முன்னால் ஓடிய ஆண்டுகளை நான் எண்ணிப் பார்க்கிறேன். 2008இல் இருபத்தைந்து வயதில் கைக்குழந்தையோடு குலுக்கலுக்குக் காத்திருந்த பெண்ணுக்கு 2017இல் முப்பத்துநான்கு. பெயர் வந்திருந்தால், அந்தக் குழந்தை முதல் வகுப்பில் சேர்ந்தபோது வீட்டில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்திருக்கும், சீருடையை அம்மாவே தைத்திருப்பாள். பெயர் வராத 270 குழுக்களில் இருந்த ஒருத்தியும் கடைசியில் அதே வருமானத்துக்கு வந்துவிட்டாள். அதற்குள் அவள் பிள்ளை ஆரம்பப் பள்ளியில் பாதி தூரம் வந்திருக்கவேண்டிய வயதை எட்டியிருக்கும்.